வைஃபை முழுதாகக் காட்டுகிறது, இணையம் வரவில்லை: அடிப்படைச் சொற்களை விளக்க முடியுமா?

மாம்பலம் தமிழாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் பழைய அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சிங்கப்பூரில் வாழும் சில தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுக்கு மாலை வேளைகளில் காணொளி வழியாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்த பிறகும் வகுப்பு அடிக்கடி நடுவில் நின்றுவிடுகிறது. கைப்பேசியின் மேல் மூலையில் வைஃபை குறி முழுதாகத் தெரிகிறது. ஆனால் எந்தப் பக்கமும் திறப்பதில்லை.

இணைப்பு தந்த நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தால், எந்த எஸ்.எஸ்.ஐ.டி.யில் இருக்கிறீர்கள், ஓ.என்.டி.யில் எந்த விளக்கு எரிகிறது, டி.என்.எஸ். மாற்றிப் பார்த்தீர்களா, 5ஜியில் இணைந்து பார்த்தீர்களா என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார்கள். பொருள் கேட்டால், ஆளை அனுப்புகிறோம் என்று சொல்லி அழைப்பை முடித்துவிடுகிறார்கள். வருகின்ற இளைஞரும் கருவியை அணைத்துப் போட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிப் பொருள் தரும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் படித்தும் எது எதற்குள் இருக்கிறது, எது முதலில் வருகிறது, எது பழுதானால் எது நின்றுபோகும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. கணினியில் முன்பயிற்சி இல்லாத ஒருவருக்கு இவற்றைத் தொடர்ச்சியாக யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். ரவுட்டர் வாசலை ஒட்டிய கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கிறது. நான் வகுப்பெடுப்பது பின்பக்க அறையில்.

பெருங்குடி நெட்வொர்க்:

வணக்கம் அம்மா. நான் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகம் ஒன்றில் நெட்வொர்க் பராமரிப்புப் பணியில் இருப்பவன். உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. நீங்கள் பட்டியலிட்ட சொற்கள் எல்லாம் ஒரே பாதையின் வெவ்வேறு இடங்களைச் சேர்ந்தவை. அந்தப் பாதை மனத்தில் பதிந்துவிட்டால், பழுது எந்த இடத்தில் என்பதை உதவி எண்காரர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட முடியும்.

முதலில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: வைஃபை வேறு, இணையம் வேறு. உங்கள் கைப்பேசிக்கும், இணையத்தை வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியாகக் கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வானொலித் தொடர்பு மட்டுமே வைஃபை. அதன் நீளம் சில மீட்டர்தான். ரவுட்டரிலிருந்து தெருக் கம்பம், நிறுவனத்தின் மையம், அங்கிருந்து உலகம் என்று போகும் எஞ்சிய தொலைவு முழுவதும் இணையத்தின் பகுதி. கைப்பேசியின் மூலையில் தெரியும் அந்த விசிறிக் குறி முதல் சில மீட்டரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தெருவில் ஃபைபர் அறுந்து கிடந்தாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும் வரை அந்தக் குறி முழுதாகவே தெரியும். புதிய கைப்பேசிகள் அதன் ஓரத்தில் ஒரு சிறு ஆச்சரியக்குறி இட்டு, இணையம் இல்லை என்று காட்டும். அது கண்ணில் படாமல் போவதும் உண்டு.

இனி பாதையில் நடந்து போவோம். உங்கள் கைப்பேசி காற்றில் வரும் பெயர்களைத் தேடுகிறது. அந்தப் பெயர்தான் எஸ்.எஸ்.ஐ.டி.; அதாவது, வைஃபை பட்டியலில் நீங்கள் தொட்டு இணையும் பெயர். அதற்கு அதிகபட்சம் 32 பைட் (கணினியில் எழுத்துகளைப் பதியும் இடத்தின் அளவு) இடம் உண்டு. தமிழாசிரியர் என்பதால் சொல்கிறேன், அதைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்வதால், மாம்பலம் என்ற பெயருக்கே 24 பைட் ஆகிவிடும். நீளமான பெயர் கொள்ளாது.

பெயரைத் தொட்டுக் கடவுச்சொல் கொடுத்ததும், கைப்பேசி தன்னை அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று மேக் முகவரி. அது கருவியின் வைஃபை பாகத்துக்குத் தொழிற்சாலையிலேயே தரப்படும் 48 பிட் எண்; பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம். தனியுரிமைக்காக, இப்போதைய கைப்பேசிகள் அதை மறைத்து, வைஃபை ஒவ்வொன்றுக்கும் ஒரு தற்காலிக மேக் முகவரியைக் காட்டுகின்றன. மற்றொன்று ஐ.பி. முகவரி, அது கருவியோடு பிறப்பதில்லை, சேர்கிற இடத்தில் தரப்படுவது. உங்கள் வீட்டில் அதைத் தருவது ரவுட்டர். வந்து சேரும் கருவிக்கெல்லாம் காலியாக உள்ள ஓர் எண்ணைத் தானாகவே எடுத்துத் தரும் அந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். சில நேரங்களில் கைப்பேசி ஐ.பி. முகவரியைப் பெறுகிறது என்ற வரியிலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்; அது இந்த ஏற்பாடு தடுமாறுவதன் அடையாளம். விண்டோஸ் கணினியானால் அந்த நிலையில் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

வீட்டுக்குள் தரப்படும் எண்கள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். என் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் இதே எண்கள் இருக்கலாம். அதனால் குழப்பம் வராது, ஏனென்றால் இவை உள் உபயோகத்துக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. இதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய வகை ஐ.பி. முகவரி 32 பிட் கொண்டது. அதில் மொத்தம் சுமார் 429 கோடி எண்களே சாத்தியம். உலகில் உள்ள கருவிகளுக்கு அது போதாது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. ஆகவே ஒரு வீடு முழுவதற்கும் வெளியே ஒரே ஒரு முகவரி, உள்ளே பல முகவரிகள் என்ற முறை நிலைத்தது. உங்கள் அடுக்ககத்துக்குத் தெருவில் ஒரே கதவு எண்; தபால்காரர் வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்; எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்பது காவலாளிக்குத்தான் தெரியும். ரவுட்டர் செய்யும் அந்தக் காவலாளி வேலைக்கு நாட் என்று பெயர். நம் ஊர் நிறுவனங்கள் பலவும் இதையே இன்னொரு முறை தங்கள் மையத்திலும் செய்கின்றன. பல வீடுகள் சேர்ந்து ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டுக் கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியவில்லை என்று பலர் தவிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். 128 பிட் கொண்ட ஐ.பி. 6ஆம் பதிப்பு இந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க வந்தது. உங்கள் கைப்பேசி இப்போதே இரண்டையும் பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும்.

அடுத்தது டி.என்.எஸ். கருவிகளுக்கு எண்கள்தான் புரியும். மனிதர்களுக்குப் பெயர்கள்தான் நினைவிருக்கும். நீங்கள் ஒரு தளத்தின் பெயரை எழுதியதும், அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று கைப்பேசி ஒரு கணினியிடம் கேட்கிறது. 1983இல் வகுக்கப்பட்ட இந்த முறைதான் டி.என்.எஸ். பதில் சொல்லும் கணினி நின்றுவிட்டால், பாதை முழுவதும் நன்றாக இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உலாவியின் முகவரிப் பெட்டியில் 1.1.1.1 என்று எண்ணாகவே எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் திறந்து, மற்ற தளங்கள் பெயரால் திறக்கவில்லை என்றால், குறை டி.என்.எஸ்.ஸில் இருக்கிறது. அப்போது மட்டுமே டி.என்.எஸ். மாற்றிப் பாருங்கள் என்ற அறிவுரைக்குப் பொருள் உண்டு. எதற்கெடுத்தாலும் அதைச் சொல்வது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக ஓ.என்.டி. ஃபைபரில் வருவது ஒளி. ரவுட்டருக்குப் புரிவது மின்குறி. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது ஓ.என்.டி. முன்பு தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்தபோது இதே இடத்தில் மோடம் இருந்தது. இப்போது பெரும்பாலான வீடுகளில் ஓ.என்.டி., ரவுட்டர், வைஃபை அலைபரப்பி ஆகிய மூன்றும் ஒரே வெள்ளைப் பெட்டிக்குள் இருப்பதால்தான் எல்லாரும் அதை ரவுட்டர் என்றோ மோடம் என்றோ பொத்தாம் பொதுவாக அழைக்கிறார்கள், உங்களுக்கும் குழப்பம் வருகிறது. அலைபரப்பும் பகுதியை மட்டும் தனியாகச் சொன்னால் அது அக்சஸ் பாயிண்ட். பெட்டியின் பின்புறம் வரிசையாக இருக்கும் கம்பித் துளைகள் லேன் துளைகள். வீட்டுக்குள் கம்பியால் இணைப்பதற்கு உரியவை.

அடுத்த முறை வகுப்பு நிற்கும்போது பெட்டியை அணைத்துப் போடாமல், முதலில் இதைச் செய்யுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரி அச்சிடப்பட்டிருக்கும். அதை உலாவியில் எழுதுங்கள். ரவுட்டரின் பக்கம் உடனே திறந்தால், உங்கள் வைஃபை நலமாக இருக்கிறது, கோளாறு வீட்டுக்கு வெளியே. அதுவே திறக்கவில்லை அல்லது திணறுகிறது என்றால், கோளாறு வீட்டுக்குள். கூடத்தில் ஒரு முறை, பின்னறையில் ஒரு முறை செய்து, முடிவை இங்கே எழுதுங்கள்.

அண்ணா நகர் வானொலி:

பெருங்குடி நண்பர் பாதையைத் தெளிவாகக் காட்டிவிட்டார். அமெச்சூர் வானொலியில் பல ஆண்டுகளாக ஈடுபாடு உள்ளவன் என்பதால், அவர் சில மீட்டர் என்று கடந்துபோன அந்தக் காற்றுப் பகுதியைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். சென்னை அடுக்ககங்களில் பெரும்பாலான தொல்லை அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த 5ஜி. கைப்பேசி நிறுவனங்கள் விற்கும் 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறை செல்பேசிச் சேவை. ரவுட்டரின் பெயரோடு ஒட்டி வரும் 5ஜி என்பது 5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண். இரண்டுக்கும் உறவே இல்லை. உதவி எண்காரர் சொன்னது இரண்டாவதை.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைக்கற்றைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவு. அதிர்வெண் கூடக் கூடச் சுவர் விழுங்கும் அளவும் கூடுகிறது. எனவே 2.4 தொலைவு போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். பழைய மாம்பலத்து வீடுகளின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை நான் நன்கு அறிவேன். நடுவில் ஒரு கான்கிரீட் தூணோ, இரும்பு பீரோவோ, ஆளுயரக் கண்ணாடியோ இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உலோகம் அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். கண்ணாடியின் பின்னால் பூசியிருப்பதும் உலோகமே. தண்ணீரும் இந்த அலைகளை உறிஞ்சும். தொலைக்காட்சிக்குப் பின்னால் ரவுட்டரை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் உலோகத் தகடே முதல் சுவராக நிற்கிறது. ரவுட்டரை வெளியே எடுத்து, தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள், அதாவது கற்றைக்குள் பிரித்த உட்பாதைகள், உண்டு. ஆனால் அடுத்தடுத்த சேனல்களின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் இருக்கின்றன, ஒரு வைஃபை பிடித்துக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்தப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ஓர் அடுக்ககத்தில் இருபது வீடுகள் இருந்தால், இருபது ரவுட்டர்களும் இந்த மூன்றையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதே கற்றையில்தான் புளூடூத்தும் இயங்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகே வேலை செய்கிறது. மாலை ஏழு மணிக்கு எல்லா வீடுகளும் விழித்திருக்கும் நேரத்தில் உங்கள் வகுப்பு திணறுவதில் வியப்பில்லை. கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவினால், எந்தச் சேனலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும். மூன்றில் நெரிசல் குறைந்ததற்கு மாற்றிக்கொள்ளலாம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018இல் மத்திய அரசு அந்தக் கற்றையின் பெரும்பகுதியை உரிமம் தேவையில்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. அது வீட்டுப் பயனாளர்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை என்றே நான் கருதுகிறேன்.

அதே செயலி சிக்னலின் வலிமையை டி.பி.எம். என்ற அலகில் காட்டும். அது எப்போதும் மைனஸ் எண்ணாகவே இருக்கும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 மிக நன்று. மைனஸ் 67 வரை காணொளி வகுப்பு தடையின்றி நடக்கும். மைனஸ் 80 என்றால் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. மூன்று எண் குறைந்தால் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள் கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தியையும் சேர்க்கிறேன். பேச்சு இருவழிப்பட்டது. ரவுட்டர் மின்சாரத்தில் ஓடுவது. கைப்பேசி மின்கலத்தில் ஓடுவதால் அதன் அலை பொதுவாக வலிமை குறைந்தது. ரவுட்டர் சொல்வது கைப்பேசிக்கு நன்றாகக் கேட்கும், அதனால் குறி நிறையத் தெரியும். கைப்பேசி சொல்வது ரவுட்டருக்குக் கேட்காது. வகுப்பில் குழந்தைகளை நீங்கள் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர்களுக்கு உங்கள் குரல் உடைந்து கேட்கிறது என்றால், இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

சைதை ஃபைபர் பணியாளர்:

வணக்கம் அம்மா. வீடுகளுக்கு ஃபைபர் இழுத்து இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். விளக்குகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பவர் விளக்கு மின்சாரத்தைக் குறிக்கும். பான் விளக்கு நிலையாகப் பச்சையில் இருந்தால் ஒளி சரியாக வருகிறது, எங்கள் மையத்தோடு பேச்சு நடக்கிறது என்று பொருள். லாஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ கண் சிமிட்டினாலோ ஒளி வந்து சேரவில்லை. அப்போது நீங்கள் வீட்டுக்குள் எதைச் செய்தாலும் பயன் இல்லை, புகார் கொடுப்பது ஒன்றே வழி. பான் பச்சையாக இருந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால், பயனர் கணக்கிலோ மையத்திலோ கோளாறு இருக்கலாம். பேசும்போது இதை இப்படியே சொன்னால், எந்த ஆளை அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. பெட்டியின் பின்னால் சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை ஊசியால் அழுத்தாதீர்கள்; அது பெட்டியை அணைத்துப் போடுவதற்கு உரியது அல்ல, உள்ளே பதிந்திருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் அனைத்தையும் அழித்துவிடும். அணைத்துப் போட வேண்டுமானால் பவர் பொத்தான் போதும். அடுத்ததாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வரும் மெல்லிய ஃபைபர் வயரைச் சுவர் மூலையில் கூர்மையாக மடிக்காதீர்கள், அதன் மேல் ஆணி அடிக்காதீர்கள். மடிந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும். கழன்று வந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

உலாவியில் திறக்கும் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர் என்று ஓர் எண் இருக்கும்; அது வந்து சேரும் ஒளியின் வலிமை. வீட்டுக் கருவிகள் பலவற்றுக்கு மைனஸ் 27 என்பது எல்லை. அதை நெருங்கினால் மழை நாளில் இணைப்பு விட்டு விட்டு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த பிறகு, மொட்டை மாடிகளுக்கும் கம்பங்களுக்கும் இடையே தொங்கும் வயர்களில் பல இடங்களில் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஒட்டும் சிறிது ஒளியைக் குறைக்கும். மின்தடையின்போதும் வகுப்பு நடக்க வேண்டுமானால் 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்றைப் பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாம்பலம் தமிழாசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே சோதித்தேன். கூடத்தில் ரவுட்டரின் பக்கம் தொட்டவுடன் திறக்கிறது. பின்னறையில் மிகவும் திணறித் திறக்கிறது, சில வேளைகளில் திறப்பதே இல்லை. செயலி அங்கே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 82, 2.4க்கு மைனஸ் 71 என்று காட்டுகிறது. ஆக, என் தொல்லை வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். தொலைக்காட்சியின் பின்னாலிருந்து பெட்டியை மேலே மாற்றியதும் 2.4 மைனஸ் 64 ஆனது. வகுப்பு முன்பைவிட நன்றாக நடக்கிறது, ஆனாலும் முழு நிறைவு இல்லை.

இன்னும் சில ஐயங்கள். என் திட்டம் 100 எம்.பி.பி.எஸ். என்கிறார்கள், கூடத்திலேயே அமர்ந்து ஒரு கோப்பைப் பதிவிறக்கினால் 11 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றப்படுகிறேனா? அறைக்கு ரிப்பீட்டர் வாங்கு என்று ஒருவரும், மெஷ் வாங்கு என்று மற்றொருவரும் சொல்கிறார்கள், எதை வாங்குவது? கேள்வி கேட்டால் சிங்கப்பூர்க் குழந்தைகளின் பதில் ஒரு கணம் தாமதித்தே வருவது எதனால்? கடவுச்சொல் பற்றியும் ஒரு சொல் சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, அது இப்போது மாடி முழுவதற்கும் தெரியும்.

பெருங்குடி நெட்வொர்க்:

அம்மா, நீங்கள் ஏமாற்றப்படவில்லை. இணைப்பை விற்பவர்கள் வேகத்தை மெகாபிட் கணக்கில் சொல்கிறார்கள். பதிவிறக்கும் மென்பொருள் மெகாபைட் கணக்கில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. வழியில் முகவரி, சரிபார்ப்பு போன்றவற்றுக்கான செலவு போக 11 கிடைப்பது நியாயமான அளவே. ரவுட்டர் பெட்டிகளின் மேல் பெரிதாக அச்சிடப்படும் 300, 1200 போன்ற எண்கள் காற்றில் சாத்தியமான உச்ச வேகத்தின் கூட்டல். அவற்றை நம்பி வாங்க வேண்டாம். 300 என்று அச்சிட்ட மலிவான ரவுட்டர்கள் பலவற்றின் கம்பித் துளைகள் 100க்கு மேல் தாங்காதவை.

சொல்லப்போனால், காணொளி வகுப்புக்கு வேகம் சில மெகாபிட் இருந்தால் போதும். அதற்குத் தேவைப்படுவது சீரான தாமதம். ஒரு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தைப் பிங் என்பார்கள். மில்லி வினாடியில் அளப்பார்கள். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நம் நகரிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பிகள் நேராகவே செல்கின்றன. 2002இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16, வர 16 என்று கணக்கிட்டால் 32 மில்லி வினாடி. இடையில் உள்ள கருவிகளின் நேரத்தையும் சேர்த்தால்கூட மனிதக் காதுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எனவே, நீங்கள் உணரும் அந்த ஒரு கணத்தைக் கடலின் மேல் போட முடியாது. காணொளிச் செயலி படத்தைச் சுருக்கி விரிக்க எடுக்கும் நேரம் ஒரு பங்கு. உங்கள் பின்னறையில் அலை தவறித் தவறி மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவது பெரும்பங்கு. வீட்டுக்குள்ளேயே ரவுட்டருக்குப் பிங் பார்த்தால் இது தெரிந்துவிடும்: கூடத்தில் சில மில்லி வினாடியாக இருப்பது, பின்னறையில் நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கும்.

ஆகவே என் பரிந்துரை ரிப்பீட்டரும் அல்ல, மெஷும் அல்ல. சாதாரண ரிப்பீட்டர் காற்றில் கேட்டதைக் காற்றிலேயே திருப்பிச் சொல்வது. ஒரே செய்தி இரண்டு முறை காற்றில் போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மெஷ் என்பது பல பெட்டிகள் ஒரே பெயரில் ஒத்திசைந்து இயங்கும் ஏற்பாடு. பெரிய வீடுகளுக்கு நல்லது, உங்கள் வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை. கூடத்துப் பெட்டியின் லேன் துளையிலிருந்து பின்னறைக்கு, கணினிகளை இணைக்கும் கேட் 6 வகை வயர் ஒன்றை இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை அது வினாடிக்கு 1,000 மெகாபிட் தாங்கும். அதன் மறுமுனையில், இரண்டு அலைக்கற்றையிலும் இயங்கும் சிறு ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பாயிண்ட் முறையில் வையுங்கள். நம் நகரின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கேட்டால் அளவுக்கு வெட்டி, இரு முனையிலும் இணைப்பியைப் பொருத்தியே தருவார்கள். பொருத்தியதும் எட்டு இழைகளையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்; நான்கு இழைகள் மட்டும் சரியாக இருந்தாலும் இணைப்பு இயங்கும், ஆனால் 100இல் நின்றுவிடும். வகுப்பெடுப்பது மடிக்கணினி என்றால், வயரை அதிலேயே நேரடியாகச் சொருகிவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது.

கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். ரவுட்டரின் பக்கத்தில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்ற பூட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்; முதலாவது 2004இலும் அடுத்தது 2018இலும் வந்தவை. அதற்கும் முந்தைய டபிள்யூ.ஈ.பி. என்ற பூட்டு 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது, அதை ஒருபோதும் தொடாதீர்கள். கடவுச்சொல்லுக்கு 8 முதல் 63 எழுத்துகள் வரை இடம் உண்டு. தொலைபேசி எண்ணையோ பெயரையோ வைக்காமல், தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. கடவுச்சொல்லை எழுதாமலே கருவியை இணைக்க உதவும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ஊகித்து உள்ளே நுழைய முடியும் என்பது 2011இலேயே வெளிவந்த செய்தி. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு வைஃபையிலிருந்து வேறான ஒரு கடவுச்சொல் உண்டு. பலர் அதைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிடுகிறார்கள், அதையும் மாற்றுங்கள்.

எதிர்வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ விரும்பினால், கெஸ்ட் நெட்வொர்க் என்ற பெயரில் இரண்டாவது எஸ்.எஸ்.ஐ.டி. ஒன்றைத் திறக்கலாம். அதில் சேர்பவர்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும். உங்கள் கணினியும் அச்சுப்பொறியும் அவர்கள் கண்ணில் படாது. ஆனால் உங்கள் இணைப்பில் நடப்பவை எல்லாம் உங்கள் பெயரிலேயே பதிவாகும் என்பதால், தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள், வகுப்பு நேரத்தில் அதை அணைத்து வையுங்கள். வயர் இழுத்த பிறகு பின்னறையில் பிங் எவ்வளவு காட்டுகிறது என்பதை எழுதுங்கள்.